கைப்பிடிக்கு ஒரு வால்

பயிற்சித் தாளில் கடைசி வரியைத் தவிர எல்லாம் தயாராக இருந்தது. கட்டிலில் புரண்டு எழுவது, காலைத் தரையில் ஊன்றுவது, சுவரில் பதித்த கைப்பிடியைப் பற்றி நிற்பது என்று ஒன்பது படங்கள். எல்லாம் அக்காவே பென்சிலில் வரைந்தவை. கடைசி வரியில் இணையதளத்தின் முகவரி வர வேண்டும். வியாழக்கிழமை மதியம் தாள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அன்று திங்கள்.

பக்கவாதம் வந்து படுத்தவர்களை வீடு வீடாகப் போய் நடக்கப் பழக்குவது அக்காவின் தொழில். பத்தொன்பது வருடங்களில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். படுத்தவருக்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, பார்க்க வருகிறவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்கிறவருக்கு யாரும் இல்லை. அப்படி நிற்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று அவள் தம்பியைப் பிடித்தாள். தம்பி இணையதளம் கட்டுகிறவன். வயது நாற்பதை நெருங்குகிறது, முன்தலை வழுக்கை. அக்காவுக்கு மட்டும் இன்னும் ‘டேய்’தான்.

கைப்பிடி என்ற பெயர் முதல் நாளே அமைந்துவிட்டது. நான்கு மாதமாக எல்லா வீட்டிலும் அக்கா அதைச் சொல்லி வைத்திருந்தாள்.

“பேர் வச்சாச்சு. புள்ளிக்கு அப்புறம் வர்ற வால்தான் படுத்துது,” என்றான் தம்பி, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி. “டாட் காம் நமக்கு இல்லை. மாடிப்படிக் கம்பி செய்யறவர் ஒருத்தர் பத்து வருஷமா வச்சிருக்கார். அதான் டாட் சோஷியல் போட்டேன். சமூகத் தளம்னு பார்த்த உடனே தெரியும். புதுசு, அழகு.”

“வாலைப் பத்தி நீ பேசறியா? உன்னை மரத்துல இருந்து இறக்கறதுக்குன்னே ஏணி வாங்கினவங்கடா நாங்க.”

தம்பி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான். “அக்கா, சோதனைக்குத் திறந்து ரெண்டு வாரம் ஆச்சு. இருபத்தாறு வீட்டுல முகவரி எழுதின சீட்டு குடுத்தே. வந்தது மூணு பேர். அதுல ஒண்ணு நீ, ஒண்ணு நான். ஜனங்களுக்கு இஷ்டம் இல்லையோ என்னவோ.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. இஷ்டம் இல்லையா? டிரைவர் அண்ணன் மூன்று தடவை கேட்டார், எப்போது திறப்பீர்கள் என்று. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பேசிச் சிரித்தவர். மனைவி விழுந்ததிலிருந்து ஏழு மாதமாக அந்த இரண்டு அறைக்குள்ளேயே இருக்கிறார். “மருந்துக் கடைக்காரரைத் தவிர யாருகிட்டயும் பேசலைம்மா. அவரும் ரெண்டு வேளையா மூணு வேளையான்னுதான் கேக்கறார்,” என்று ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அக்காவின் நெஞ்சில் முள்ளாக நின்றிருந்தது. அவருக்காகவே இந்த வேலையை ஆரம்பித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

தினமும் கிளம்புமுன் அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடி, அன்று போகவேண்டிய வீடுகளைக் கடவுளிடம் வரிசையாகச் சொல்வாள். செவ்வாய்க்கிழமை டிரைவர் வீட்டை இரண்டு தடவை சொன்னாள்.

டிரைவரின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய், நாலைந்து வார்த்தைகள்தான் மிஞ்சியிருந்தன. டிரைவர் இடது கையால் அவர் முழங்கையைத் தாங்கியபடி, வலது கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நம்ம தளத்துக்கு நீங்க வரவே இல்லையே?”

டிரைவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். தப்பு செய்தவர் போல முகம் சிறுத்தது. “போட்டுப் பார்த்தேன்மா. ஏதோ மாடிப்படிக் கம்பி படமா வந்துச்சு. நமக்கு இந்தச் சமாச்சாரம் எல்லாம் வராதுன்னு விட்டுட்டேன்.”

“சீட்டு இருக்கா?”

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். முகவரி சரியாகத்தான் இருந்தது.

“எங்க, என் முன்னாடி செஞ்சு காட்டுங்க,” என்றாள் அக்கா.

இது அவள் வாயில் தினம் பத்துத் தடவை வரும் வாக்கியம். எந்தப் பயிற்சியையும் சொல்லிவிட்டு மட்டும் அவள் கிளம்பியதில்லை. வீட்டுக்காரர்கள் அவள் கண்முன் செய்துகாட்ட வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் கை தவறுகிறது என்று தெரியும்.

டிரைவர் கைபேசியை எடுத்தார். இடது கை மனைவியின் முழங்கையை விட்டு நகரவில்லை. விட்டால் அவர் சாய்ந்துவிடுவார். வலது கட்டைவிரல் மட்டும் கைப்பிடி என்று எழுதியது. எழுதி முடித்ததும், எழுத்துப் பலகையின் மூலையில் தயாராக இருந்த டாட் காம் விசையை அதுவாகவே போய் அழுத்தியது. சீட்டின் மீதியை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்க்க நேரமில்லை, கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. திரையில் படிக்கட்டுக் கம்பி வந்து நின்றது.

“பார்த்தீங்களா? எனக்குத்தான் வரலை,” என்றார்.

“உங்களுக்கு வருது அண்ணே. எனக்குத்தான் வரலை. சீட்டைக் குடுத்துட்டுப் பார்க்காம போனது என் தப்பு.”

அன்று மாலை அவள் தம்பியின் முன் வந்து உட்கார்ந்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“ஒத்தைக் கையாலதான்டா எல்லாரும் தட்டறாங்க. இன்னொரு கையில ஆள் இருக்கு. உன் அழகான வாலைத் தட்ட அவங்களுக்கு நேரம் இல்லை. ஒரு தடவை தப்பாப் போச்சுன்னா, தன்மேலதான் குறைன்னு நினைச்சு விட்டுடறாங்க. மறுபடி வர மாட்டாங்க.”

“அப்ப என்ன பண்ணலாம்?”

“எத்தனை வால் இருக்கோ எல்லாத்தையும் எழுதிக் குடு. நாளைக்கு ஆறு வீடு இருக்கு.”

புதன்கிழமை ஆறு வீட்டிலும் அக்கா ஒரே காரியத்தைச் செய்தாள். ஒரு கையில் நோயாளியைத் தாங்கச் சொன்னாள். மறுகையில் கைபேசியைக் கொடுத்து, சோஷியல், நெட், ஆர்க் என்று ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். டாட் சோஷியலை ஐந்து பேர் பாதியில் விட்டார்கள். ஒரு பெரியவர், “சோஷியல்னா என்னம்மா, வரன் பார்க்கிற இடமா? எனக்குக் கல்யாணம் ஆகி நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. கட்டில்ல இருக்கிறவ கேட்டா எழுந்து வந்து உதைப்பா,” என்றார். சொன்ன வாயோடு, “எழுந்து வந்தா சந்தோஷம்தான்,” என்றும் சொன்னார். சின்ன வால்களைச் சிலர் சரியாகத் தட்டினார்கள். ஆனால் எதைக் கொடுத்தாலும் ஆறில் மூன்று கட்டைவிரல்கள் மூலையில் இருந்த காமுக்கே ஓடின.

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், கணவரைத் தாங்கியபடி, “ஆர்க் போட்டிருந்தா, சேவை அமைப்பு மாதிரி, நம்மகிட்ட எதையும் விக்க வரலைன்னு ஒரு நம்பிக்கை வருது,” என்றார். அக்கா அதைக் கையிலிருந்த தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

“ஆர்க் யாரு வேணா வாங்கலாம் அக்கா. நீ நல்லவளான்னு எவனும் கேக்க மாட்டான்,” என்றான் தம்பி, இரவு அவள் குறிப்பைப் படித்துவிட்டு.

“கேக்காம விட்டா நாம இன்னும் ஒழுங்கா இருக்கணும். விளம்பரம், விற்பனை எதுவும் அதுல வரக்கூடாது. எழுதி வச்சுக்கோ.”

“சரி, எழுதிட்டேன். ஆனா காமுக்கு ஓடற மூணு பேரை என்ன பண்ணுவே? பேரை மாத்திடலாம். நீளமா ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அதுக்குக் காம் கிடைக்குது.”

அக்கா ஒரு கணம் யோசித்தாள். நியாயமான யோசனைதான். ஆனால் டிரைவரின் மனைவிக்கு மிஞ்சிய நாலைந்து வார்த்தைகளில் ஒன்று கைப்பிடி. எழுந்து நிற்குமுன் அக்கா அதைச் சொல்வாள், அவரும் திருப்பிச் சொல்வார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறு பெயரா?

“பேர் மாறாது. நாளைக்குக் காலையில அந்தக் கம்பிக்காரரைப் பார்க்கப் போறோம். நீயும் வா.”

கம்பி செய்யும் வெல்டரின் பட்டறை ஒரு பழுதுபார்க்கும் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் நின்ற வண்டியின் பக்கவாட்டில் அந்த டாட் காம் முகவரி பெரிதாக எழுதியிருந்தது. வெல்டர் முகமூடியை நெற்றிக்குத் தூக்கினார். வியர்வையில் நனைந்த, பருத்த மனிதர்.

அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை. “நீங்கதானா அது?” என்றார் வெல்டர். “ரெண்டு வாரமா போன் மேல போன்! கம்பி எத்தனை அடின்னு கேட்டா, அந்தப் பக்கம் ஒரு அம்மா ஓன்னு அழறாங்க. நான் பயந்தே போயிட்டேன்.”

“மன்னிச்சிடுங்க.”

“எதுக்கு மன்னிப்பு? அழறவங்ககிட்ட ராங் நம்பர்னு எப்படி வைக்கிறது? வெல்டிங் மெஷினை அணைச்சுட்டுக் கேட்டேன். அவங்க அப்பாவுக்கு முடியலையாம். எனக்கு என்ன தெரியும்? ம், ம்னு சொன்னேன். அதுக்கே நன்றி சொன்னாங்க.” அவர் திரும்பிச் சுவரில் சாத்தியிருந்த அட்டையை எடுத்தார். அதில் சுண்ணக்கட்டியால் ஒன்பது தொலைபேசி எண்கள். “என்னிக்காவது யாராவது இவங்களைத் தேடிட்டு வருவாங்கன்னு எழுதி வச்சேன்.”

அக்கா அட்டையை வாங்கிக்கொண்டாள். வராமலே போனவர்கள் என்று நினைத்த ஒன்பது பேர் போன் வழியே வந்து ஒரு பட்டறை வாசலில் நின்றிருக்கிறார்கள். அங்கே அவர்கள் சொல்வதைக் கேட்க ஒருவர் இருந்திருக்கிறார்.

தம்பி தொண்டையைச் செருமினான். “சார், அந்த முகவரியை நீங்க விக்கிறதா இருந்தா...”

“விக்க மாட்டேன் தம்பி. பத்து வருஷப் பேரு. போட்ட கம்பி ஒவ்வொண்ணுலயும் அடிச்சிருக்கு.”

“விக்க வேண்டாம்,” என்றாள் அக்கா. “உங்க இணையப் பக்கத்துல ஒரே ஒரு வரி இடம் குடுங்க. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவரா, இங்கே தொடுங்கள்னு. தொட்டா எங்ககிட்ட வந்துடுவாங்க.”

“ஒரு வரி என்ன, கதவே வச்சுக்கோங்க. உச்சியில வைங்க. கம்பி வாங்க வர்றவன் கீழ தள்ளிப் பார்த்துக்குவான், அவனுக்கு ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு.” பிறகு விரலை நீட்டினார். “ஒரு நிபந்தனை. எனக்கு ஆள் பிடிச்சு விடாதீங்க. ஆனா குளியலறைக் கைப்பிடியை எந்த உயரத்துல வைக்கணும்னு உங்க தளத்துல எழுதுங்க. எல்லா வீட்டுலயும் நிக்கிறவன் உயரத்துக்கு வைக்கிறான். உட்கார்ந்து எழுந்திருக்கிறவன் உயரத்துக்கு வைக்கணும். சொன்னா எவனும் கேக்கறதில்லை.”

“முதல் கட்டுரையே அதுதான்,” என்றாள் அக்கா.

கதவை வைக்கத் தம்பிக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பட்டறை முக்காலியில் உட்கார்ந்தே முடித்தான். கடைசி வரியில் டாட் ஆர்க் ஏறியது. மதியம் தாள் அச்சகத்துக்குப் போனது. மறுநாள் முதல் அக்காவின் காலைப் பிரார்த்தனை வரிசையில் வெல்டரின் பட்டறையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் புதுத் தாளோடு டிரைவர் வீட்டுக்குப் போனாள். அவர் அதை வாங்கிக் காந்தத்தின் அடியில் செருகப் போனார்.

“அப்புறம் ஒட்டலாம் அண்ணே. இப்ப செஞ்சு காட்டுங்க.”

டிரைவர் தயங்கினார். மறுபடி தோற்பதற்கு அவருக்கு மனமில்லை. ஆனாலும் இடது கையால் மனைவியைத் தாங்கிக்கொண்டு தட்டினார். கட்டைவிரல் பழக்கப்படி மூலைக்குத்தான் ஓடியது. அக்கா தடுக்கவில்லை. மாடிப்படிக் கம்பி வந்தது. அவர் முகம் வாடத் தொடங்கும்போதே, அதன் உச்சியில் இருந்த வரியில் கண் நின்றது. வாய்விட்டுப் படித்தார். “வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவரா...”

தொட்டார். இடம் மாறியது. பதினான்கு பேர் அங்கே இருந்தார்கள். யாரோ ஒருவர், முதுகுவலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம், எழுதுவதற்கு.

“எனக்கும் முதுகு வலிக்குது,” என்றார் டிரைவர், அதிசயம் போல. “ஏழு மாசமா. யார்கிட்டயும் சொல்லலை.” கட்டைவிரலால் ஓர் எழுத்தைத் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். மனைவி அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். “கைப்பிடி,” என்றாள்.

“கைப்பிடி,” என்றார் டிரைவரின் மனைவி.

அவர் முழங்கையை அக்கா தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். “நான் பிடிச்சிருக்கேன் அண்ணே. ரெண்டு கையாலயும் எழுதுங்க.”