ஒட்டுத் தெரியாத வேலை

ஆண்ட்ரூவுக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது. வேலை நேரத்தில் அதைத் தொந்தரவு செய்ய மாட்டான், அவ்வளவுதான்.

சித்தூரில் மிஷன் கோயிலுக்கு எதிர்ச் சந்தில் அவன் ஸ்டுடியோ. சபையில் கல்யாணமோ ஞானஸ்நானமோ சாவோ, அவன்தான் படம் பிடிப்பான். சாவு வீட்டுப் படத்துக்கு அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. பெட்டியைக் கோயில் முகப்பில் இறக்கி வைத்ததும், குடும்பம் சுற்றி நிற்க ஒரு படம். பிறகு எல்லோரும் விலகிக்கொள்ள, பெட்டிக்குள் இருப்பவரை மட்டும் ஒரு படம். அந்த இரண்டாவது படம்தான் பிற்பாடு கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் ஏறும்.

லோயிஸின் குழந்தை செத்தபோதும் அப்படித்தான் எடுத்தான். அவள் புருஷன் சத்தியநாதன் மாம்பழக்கூழ் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் குவைத்துக்கு டிரைவராகப் போயிருந்தான். தகப்பன் முகத்தைப் பார்க்காமலே பிள்ளை பிறந்தது, பார்க்காமலே போய்விட்டது. மூச்சுத் திணறல். அதற்கு ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பச்சைப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று மாமியார் சுந்தரம்மா ஒரு படம்கூட எடுக்க விட்டதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு கல்லறைப் பக்கம் வரக்கூடாது என்று லோயிஸையும் அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். பெட்டி தெருமுனை திரும்பும் சத்தத்தை மட்டும் அவள் கேட்டாள்.

ஆக, அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் இருந்ததற்கு ஒரே அத்தாட்சி ஆண்ட்ரூ எடுத்த அந்த இரண்டாவது படம்தான். முதல் படத்தில் பெரியவர்களின் முழங்கால்களும் பெட்டியின் பக்கவாட்டும்தான் விழுந்திருந்தன.

"அண்ணா, என் புள்ள படம் ஆயிடுச்சா?" என்று அடுத்த வாரமே ஆள் விட்டுக் கேட்டாள் லோயிஸ். "பெருசா ஒண்ணு போட்டுக் குடு. குவைத்துக்கு ஒண்ணு அனுப்பணும்."

"திருப்பதியில பிரிண்டு போட்டுக்கினு இருக்காங்கம்மா, வந்துடும்" என்று சொல்லி அனுப்பினான். அப்போது அது முழுப் பொய் இல்லை. போடுவதாகத்தான் இருந்தான்.

ஆனால் அந்த வாரம் அவனுக்கு வேறொரு கவலை இருந்தது. திருப்பதியில் பவன்குமார் என்று ஒருவர் பெட்ஷீட் அச்சடிக்கும் யூனிட் போட்டிருந்தார். பழைய பெயின்ட் பூவெல்லாம் இனிமேல் போகாது, நிஜப் பூவைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்துதான் விற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நல்ல டிசைன் ஒன்று கொடுத்தால் யூனிட்டிலேயே ஆண்ட்ரூவுக்கு நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார். சித்தூரில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் காத்துக்கிடந்து சலித்துப் போனவனுக்கு வேறென்ன வேண்டும்? திருப்பதி பூ மார்க்கெட்டில் கூடை கூடையாகப் பூவைப் படம் பிடித்து மூன்று டிசைன் கொண்டுபோய்க் காட்டினான்.

பவன்குமார் எட்டி நின்று பார்த்தார். "ஏமய்யா ஆண்ட்ரூ, இது பெட்ஷீட்டா, ஜெயில் ஜன்னலா? கட்டம் கட்டமா தெரியுதே! வேற கொண்டா, சூஸ்தானு, பாக்கறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த வேலையே அங்கேதான் மாட்டும். ஒரு படத்தைச் சதுரமாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஓரத்தோடு ஓரம் இடிக்கும், வெட்டின இடம் கோடாகத் தெரியும். அதனால் முதலில் படத்தைப் பாதி தூரம் நகர்த்த வேண்டும். வலது ஓரமும் இடது ஓரமும் நடுவில் வந்து சந்திக்கும், மேலும் கீழும் அதேபோல. ஓரத்தில் ஒளிந்திருந்த ஒட்டெல்லாம் இப்போது படத்தின் நடுவே சிலுவையாகக் கிடக்கும். பக்கத்திலிருக்கும் இதழை, இலையை நகலெடுத்து அதன்மேல் பூசிப் பூசி மறைக்க வேண்டும். மறைத்துவிட்டால் ஆயிரம் மீட்டர் ஓடினாலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இதில் ஆண்ட்ரூ கெட்டிக்காரன். ஆனால் மார்க்கெட் படத்தில் வெயில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. ஒரு ஓரம் வெளிச்சம், ஒரு ஓரம் இருட்டு. அதை எந்தப் பூச்சும் மறைக்காது.

வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்த பூ வேண்டும். கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே போனவன் லோயிஸ் பிள்ளையின் படத்தில் வந்து நின்றான்.

கோயில் முகப்பில் நிழல். பெட்டிக்குள் வெள்ளைத் துணி. பிஞ்சு சாவு என்பதால் சபையார் பலமனேரிலிருந்து வரவழைத்த வெள்ளையும் இளஞ்சிவப்புமான ரோஜாக்கள் கழுத்து வரை நிரம்பியிருந்தன. எங்கேயும் திட்டு இல்லை. இதற்கு மேல் ஒரு படம் கேட்டால் வராது. நடுவில் ஒரு முகம் இருந்தது, அது ஒன்றுதான் இடைஞ்சல்.

முதலில் பூவுக்கு மேல் தெரிந்த சின்ன விரல்களை மறைத்தான். பிறகு கன்னம். ஒரு ரோஜாவை நகலெடுத்து வாயின்மேல் வைத்தான். நெற்றிக்கு ஒரு இலை போதுமானதாக இருந்தது. அரை நாளில் பெட்டி முழுக்கப் பூவாகிவிட்டது. சதுரமாக வெட்டி, நகர்த்தி, சிலுவையைப் பூசி, மனநிறைவோடு சேவ் செய்தான்.

அங்கேதான் விழுந்தான். பதினைந்து வருஷம் ஃபிலிமில் வேலை பார்த்தவன் அவன். ஃபிலிமில் பிரிண்டின்மேல் பென்சிலால் தீட்டலாம், பிரஷ்ஷால் பூசலாம், கிழித்தும் போடலாம். நெகட்டிவ் டப்பாவில் பத்திரமாக இருக்கும். பழுதான பிரிண்டுக்காக அவன் ஒருநாளும் பயந்ததில்லை. கம்ப்யூட்டரிலும் அந்த தைரியத்திலேயே, நகல் எடுத்து வைக்காமல், அசல் படத்தின்மேலேயே எல்லாவற்றையும் செய்து, அதே பெயரில் சேவ் செய்து மூடிவிட்டான். கேமராவிலிருந்த கார்டை அதற்கு முன்பே ஒரு கல்யாணத்துக்காகச் சுத்தமாகத் துடைத்திருந்தான்.

பவன்குமார் எட்டி நின்று பார்த்தார், கிட்டப்போய்ப் பார்த்தார். "அப்பா! சாலா பாகுந்தி. ஜாயின்ட்டு எங்க உந்தோ எனக்கே தெரியல" என்றார். வருகிற மாசமே திருப்பதிக்கு வந்துவிடச் சொன்னார்.

சந்தோஷமாகத் திரும்பி வந்தவன், சரி, இனி லோயிஸுக்குப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தான். பூதான் வந்தது. செய்த மாற்றங்களை அழித்துப் பழையபடி கொண்டுவரப் பார்த்தான், வேறு ஃபோல்டரில் தேடினான், கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். அதில் மாப்பிள்ளை மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தார். வாய் இருந்த இடத்தில் ஒரு ரோஜா. அந்த ரோஜாவுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. போய்க் காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். அழுவாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள். அது அவள் உரிமை. ஆனால் செத்த பிள்ளையைப் பெட்ஷீட் ஆக்கியவன் என்று சபை முழுக்கப் பேச்சாகும், திருப்பதி வரை போகும். அதை நினைத்ததும் பாவம் போய் யோசனை வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் பலமனேரில் எடுத்த ஒரு ஞானஸ்நானப் படம் இருந்தது. அந்தக் கைப்பிள்ளை குல்லாய் போட்டுக் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை வெட்டினான். உதட்டுச் சிவப்பைக் குறைத்தான், கன்னத்தில் கொஞ்சம் சாம்பல் ஏற்றினான். பெட்ஷீட் பூவையே எடுத்துச் சுற்றிலும் நிரப்பினான். வெள்ளைத் துணி வேறொரு சாவிலிருந்து வந்தது. ஒட்டுத் தெரியவில்லை. இந்த முறை மறக்காமல் நகல் எடுத்து வைத்துக்கொண்டான்.

கண்ணாடி போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். சுந்தரம்மா வாங்கிப் பார்த்தவுடனே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என் தங்கமே, தூங்கறாப்பலயே கீறியே! நல்லா எடுத்துக்கினு வந்தடா நைனா" என்று அவன் தலையைத் தடவினாள். பெட்டியில் வைத்தபோது அவளே கிட்ட நின்று பார்த்தவள்தான். ஆனால் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லாமல் போனதற்கு அவள்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்தப் படம் அவளைக் காப்பாற்ற வந்த படம். அவள் கண்ணுக்கு அது வேறு பிள்ளையாகத் தெரிவதற்கு வழியே இல்லை.

லோயிஸ் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"இது என் புள்ள இல்லண்ணா" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"மாத்திக் குடுத்துட்டியா? வேற யாரோ புள்ளண்ணா இது. போய்ப் பாரு, என்னுது இருக்கும்."

"உன்னுதுதாம்மா. செத்தப்புறம் மொகம் கொஞ்சம் மாறும்" என்றான் ஆண்ட்ரூ. வாய் கூசவில்லை.

"என் மாருல வாய் வெச்சுக் குடிச்ச புள்ளண்ணா. அந்த வாய் எனக்குத் தெரியாதா?"

சுந்தரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிப் பாவி! நான் பெட்டியில பார்த்தேன், நீ பார்த்தியா? அழுது அழுது உனக்கு மூளை கலங்கிக் கீது."

ஆண்ட்ரூ தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். பார்த்தவர்கள் அவன் துக்கத்தில் குனிந்திருப்பதாக நினைத்தார்கள்.

லோயிஸ் விடவில்லை. ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் கரடியாகக் கத்தினாள். பெட்டியைப் பார்த்த பெரியவர்களில் ஒருவர்கூட அவள் பக்கம் பேசவில்லை. செத்த பச்சைக் குழந்தையின் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? கம்ப்யூட்டரில் வந்தது பொய்யாகுமா என்று வேறு கேட்டார்கள். குவைத்துக்கு அனுப்பின படத்தைப் பார்த்து சத்தியநாதன் ஃபோனில் கதறினான். தூங்கப் போகும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறானாம். அது உன் பிள்ளை இல்லை என்று லோயிஸ் சொன்னதும் அழுகையை நிறுத்தினான். பிறகு, "எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் இல்லன்னு சொல்லுவியா? இனிமே இப்படிப் பேசுனா நான் ஊருக்கே வர மாட்டேன்" என்று வைத்துவிட்டான்.

வேலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மாத்திரை கொடுத்தார். லோயிஸ் அதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கத்துவது நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் ஆறுதல்பட்டார்கள். ஆண்ட்ரூவும்தான். அந்த மாசம் பவன்குமாரின் பெட்ஷீட் சித்தூர் பஜாரில் கொடி கட்டிப் பறந்தது.

அவன் திருப்பதிக்குக் குடிபோவதற்கு முந்தின ஞாயிறு திருவிருந்து ஆராதனை. சபையில் யாருக்காவது யார்மேலாவது மனஸ்தாபம் இருந்தால், அதைத் தீர்த்துக்கொள்ளாமல் அப்பத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே பழைய கட்டுப்பாடு. போதகர் இதில் கண்டிப்பானவர். ஆராதனைக்கு முன்னால் லோயிஸையும் ஆண்ட்ரூவையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். மூப்பர்கள் சுற்றி நின்றார்கள். சுந்தரம்மா மருமகளின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"மகளே, அநியாயமா ஒருத்தர்மேல பழி போட்டுட்டே. மன்னிப்புக் கேட்டுட்டு வா. கர்த்தர் உன்னைச் சேர்த்துக்குவார்" என்றார் போதகர்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் எதிரே அவனுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. ஆண்ட்ரூ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிடுண்ணா" என்றாள் லோயிஸ். நாக்கு மாத்திரையில் தடித்திருந்தது. "அது என் புள்ளதான். நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

"பரவால்லம்மா. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றான்.

மூப்பர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய மனசுக்காரன் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்கள். ஆண்ட்ரூ முன்வரிசைக்குப் போய் முழங்கால் போட்டு, கையை நீட்டி அப்பத்தை வாங்கித் தின்றான். தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை.

ஆராதனை முடிந்து சனம் கலைந்தது. சுந்தரம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்ற ஆண்ட்ரூவின் பக்கத்தில் லோயிஸ் வந்தாள். கண் தெளிவாக இருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சண்டைக்கும் வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் புள்ள யாருது? உசுரோட இருக்குதா?"

அவன் விலகி நடக்கப் பார்த்தான்.

"மாமி தெனமும் அதுக்குப் பூ மாலை போடச் சொல்லுது. நானும் போட்டுக்கினு இருக்கேன். உசுரோட இருக்கற புள்ள படத்துக்கு மாலை போட்டா அதுக்கு ஆவாதுண்ணா. பெத்தவ எங்கியோ இருப்பா இல்ல? எனக்கு வந்தது அவளுக்கு வரக்கூடாது. செத்துப்போன புள்ளன்னா சொல்லு, போடறேன். உசுரோட இருந்தா ஏதாச்சும் சாக்குச் சொல்லி நிறுத்திடறேன்."

பலமனேரில் அந்தப் பிள்ளை இந்நேரம் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். போன மாசம்கூட அதன் தகப்பனை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தான்.

ஆண்ட்ரூ சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. ஆனாலும் எதற்கு வம்பு என்று இருந்தது. நாளைக்குக் காலையில் லாரி வருகிறது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றான். "அது உன் புள்ளதான். மாலை போடு."

லோயிஸ் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரிண்ணா" என்றாள்.

சுந்தரம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே பூக்காரி உட்கார்ந்திருந்தாள். கிழவி ஒரு முழம் வாங்கி மருமகள் கையில் கொடுத்தாள். லோயிஸ் வாங்கிக்கொண்டு நடந்தாள்.