மாமாவுக்கு எட்டுக் கால்

எங்கள் வீட்டுப் பரணில் எனக்கு அண்ணன் முறையாக ஓர் எட்டுக்கால் பூச்சி குடியிருந்தது. முறை வைத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர் அருள்பாண்டி.

மதுரை ஆனையூரில் வீடு கட்டிக் குடிவந்த வருடமே அது வந்துவிட்டது. சாதாரணச் சிலந்தி என்றால் விளக்குமாற்றால் ஒட்டடையோடு சுருட்டி வெளியே போட்டிருப்பேன். இது காலை விரித்தால் உள்ளங்கை அகலம். உடம்பெல்லாம் மயிர், முன்கால்களின் அடியில் மஞ்சள் பட்டை. கிட்டே போனால் அந்த இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் பருப்பு டப்பா எடுக்க ஸ்டூலில் ஏறியிருந்தேன். டப்பாவும் நானும் ஒன்றாகக் கீழே வந்தோம்.

"அத அடிச்சுப் போடுங்க" என்றேன்.

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கு. கரப்பான் பூச்சியத் திங்குது. உங்கிட்டச் சோறா கேக்குது?"

"கடிச்சா?"

"கடிச்சா வலிக்கும். விஷம் இருக்கத்தான் செய்யுது. ஆனா நாமளாப் போயி நோண்டாத வரைக்கும் கடிக்காது. பாக்கத்தான் கோவக்காரன், உள்ளுக்குள்ள பயந்தவன். அப்படியே உங்க அண்ணன் மாதிரி." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. "அவருதான் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டேங்குறாரு. இந்த மச்சானாவது நம்மகூட இருந்துட்டுப் போகட்டும்."

அன்றிலிருந்து அது மச்சான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பரணைப் பார்த்து, "வாரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள அத்தனை மொட்டை மாடியிலும் ஏசிப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறவருக்கு எந்தப் பூச்சி எப்படி என்று தெரியும். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒருநாள் பட்டாணி அளவில், வயிற்றடியில் சிவப்புப் புள்ளியோடு ஒரு பழுப்புச் சிலந்தி தொங்கியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பால் ஒரே போடு. "இதுதான் ஆபத்து. பெருசு மிரட்டும், இது சத்தமில்லாமக் கடிச்சிரும்" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் செருப்பையோ ஹெல்மெட்டையோ உதறாமல் யாரும் போடுவதில்லை.

இனி என் அண்ணன் கதை. பெயர் சோணை. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா தவறிய பிறகு என்னைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்தவர் அவர்தான். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மதுரைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு ஃபிளெக்ஸ் போர்டு.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது வாசலில் பன்னிரண்டடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தோம். கடைக்காரர் டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆறு மாதக் கைக்குழந்தை இடுப்பில் அழுதுகொண்டிருக்க, பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் "ஓகே" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் விடிந்து பார்த்தால் என் கொழுந்தனார் ஆளுயரத்துக்கு வேட்டியை மடித்துக்கட்டி நிற்கிறார். அண்ணன் கீழ் மூலையில், தபால்தலை அளவில், பாதி முகம் வாழை மரத்துக்குப் பின்னால்.

அண்ணன் அந்த போர்டை ரொம்ப நேரம் பார்த்தார். பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்டபோது, "வேல கெடக்கு" என்று எழுந்துவிட்டார். தப்பு என் மேல்தான். அப்போதே ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால், "சாப்புடாமப் போறவுக போகட்டும், சோறு ஒண்ணும் வீணாப் போயிறாது" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு இருக்கிற வாய் அப்படி.

மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிற நேரம். எழுமலைப் பக்கம் எங்கள் குலசாமி கோவிலில் காதுகுத்து வைத்திருந்தோம், அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமனை நேரில் போய், தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். நான் போகவில்லை.

"ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம் தாமரை. நானும் வாரேன்" என்று வீட்டுக்காரர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு போனு பண்ணச் சொல்லுங்க, போறேன். பெரியப்பா மகன் பாண்டியராஜன் இருக்கான், அவன் மடியில உக்கார வச்சுக்கிறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். எனக்கு அண்ணன் வேண்டும். என் பிள்ளை உட்கார அவர் மடிதான் வேண்டும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, காதுகுத்துக்கு வேண்டுமென்று பரணில் இருந்த பெரிய அண்டாவை இறக்கச் சொன்னேன். அவர் ஸ்டூலில் ஏறி, அண்டாவின் விளிம்புக்குப் பின்னால் கையை விட்டார். மற்ற நாளில் டார்ச் அடித்துப் பார்க்காமல் எதிலும் கைவிடாத மனிதர். நான்தான் கீழே நின்று அவசரப்படுத்தினேன். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். கையை உதறிக்கொண்டு இறங்கினார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி, அதைச் சுற்றிப் பார்க்கப் பார்க்க வீங்கியது.

"மச்சான் கடிச்சுட்டாரு" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் பூச்சி எதுவும் கடித்தால் மிளகைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். காரம் தெரிந்தால் பயமில்லை. தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நான் பி.காம். படித்தவள்தான். ஆனாலும் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போனது. மூன்று மிளகை எடுத்து அவர் வாயில் போட்டேன்.

மென்றார். கண்ணில் தண்ணீர் கோத்தது. மறுபடி மென்றார். விழுங்கினார்.

"காரமாருக்கா?"

தலையை ஆட்டினார். "ஒண்ணுமே தெரியலயே. மண்ணத் தின்ன மாதிரி இருக்கு."

ரசத்தில் ஒரு மிளகு தட்டுப்பட்டாலே மூக்கைச் சிந்துகிற மனிதர் அவர். மூன்று மிளகை மென்று தின்றுவிட்டு மண் மாதிரி இருக்கிறது என்றால் நான் என்ன நினைப்பேன்? கண்ணீரைப் பார்த்து, சாகப்போகிற பயம் என்றுதான் நினைத்தேன்.

"உங்க அண்ணனுக்குப் போனப் போடு" என்றார்.

அண்ணன் நம்பரை அழித்து இரண்டு வருடம். பத்து எண்ணும் விரலுக்கு மறக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணே."

அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வாரேன்" என்றார் அண்ணன். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. எங்கே வரவேண்டும் என்பதையே நான்தான் பின்னால் சொன்னேன்.

மகளைப் பக்கத்து வீட்டு வசுந்தரா அக்காவிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவனியாபுரம் ஊரின் தெற்குக் கோடி, நாங்கள் வடக்குக் கோடி. டாக்டர் ஊசி போட்டு முடிப்பதற்குள் அண்ணன் வாசலில் நின்றார். கையெல்லாம் கிரீஸ். ஒரு காலில் ரப்பர் செருப்பு, ஒரு காலில் தோல் செருப்பு.

டாக்டர் போனில் நான் காட்டிய பரண் பூச்சியின் பழைய படத்தைப் பார்த்தார். "ரெண்டு நாளைக்கு வீக்கமும் வலியும் இருக்கும். தசை பிடிச்சு இழுத்தா உடனே வாங்க. உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. ரெண்டு மணி நேரம் இங்கேயே படுத்திருக்கட்டும்."

"மிளகு காரமே தெரியலன்னாரு டாக்டர்" என்றேன்.

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவரோ சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு இருந்த பதற்றத்தில் ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரமும் அண்ணனும் நானும் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நேராகப் பேச இரண்டு பேருக்கும் வெட்கம்.

"மாப்ள, வீட்ல ஏதும் சாப்ட்டாகளா என்னன்னு கேளுங்க" என்பார் அண்ணன்.

"சாப்புடலைன்னு சொல்லுங்க" என்பேன் நான்.

நடுவில் படுத்திருந்தவர், "கடி வாங்குனவன் நானு. எனக்கு ஒரு டீ வாங்கித் தாங்க மச்சான்" என்றார். அண்ணன் மூன்று கிளாஸும் பன்னும் வாங்கி வந்து, என் பங்கைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பன்னைப் பாலில் நனைத்துத் தின்பது என் சின்ன வயசுப் பழக்கம். எனக்கு மட்டும் பால் வாங்கியிருந்தார்.

மதியம் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டவர் வாசலோடு போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் நேராக உள்ளே வந்து விளக்குமாற்றை எடுத்தார்.

"எங்க அந்த நாயி? என் தங்கச்சி வீட்ல இருந்துக்கிட்டே எங்க மாப்ளயக் கடிக்குது."

அதற்குள் வசுந்தரா அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையை அண்ணன் ஆறு மாதக் குழந்தையாகப் பார்த்தது. விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். வசுந்தரா அக்காவுக்கு எங்கள் சண்டை முழுதும் தெரியும். நல்லது செய்வதாக நினைத்து, "பாப்பா, மாமா எங்க? மாமாவக் காட்டு" என்றார்.

பிள்ளை கையை நீட்டினாள், பரணைப் பார்த்து.

"மாமா அங்க. அண்டாக்குப் பின்னாடி."

அவள் விவரம் சொன்னாள். "மாமா பெரிய்ய மாமா. கோவம் வந்தா கையத் தூக்கும். கடிக்காது. அப்பா சொல்லுச்சு."

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "வெளாட்டுக்குச் சொன்னது மச்சான். தப்பா எடுத்துக்காதீக."

அண்ணன் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக் கிரீஸ் படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எம் மருமகளுக்கு மாமன்னா பூச்சிதான் தெரியுதே" என்றார். "நான் எம்புட்டுப் பெரிய கிறுக்கன்."

நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "கிறுக்கு நாந்தாண்ணே. அந்தப் படத்த நான் பாக்காம விட்டுட்டேன். பேசுன பேச்சும் தப்பு." இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அவ்வளவுதான். சொல்ல அரை நிமிடம் ஆகவில்லை.

பிள்ளை வந்து அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இவர்தான் உன் மாமா என்று அவள் அப்பா சொன்னார். அவள் நம்பவில்லை. குனிந்து பார்த்து, "மாமாக்கு மீதிக் காலு எங்க?" என்று கேட்டாள்.

அழுதுகொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "இம்புட்டுத்தான் தாயி இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தாமரை, சோறு இருக்கா?"

பழைய குழம்புதான் இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பரண்காரரை அண்ணன் அடிக்கவில்லை. "எம் பேரு சொல்லிக்கிட்டு இருந்ததாச்சே" என்றார். நீளக் கம்பால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தள்ளி, மூடி போட்டு, ஸ்கூட்டரில் கண்மாய்க் கரைப் புளியமரத்துக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார். பிள்ளை வாசலில் நின்று டாட்டா காட்டினாள்.

வெள்ளிக்கிழமை கோவிலில் அவள் அண்ணன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி ஏறியபோது கத்திய கத்தலில் ஆலமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. அண்ணன் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதார். ஃபிளெக்ஸ் போர்டில் இந்த முறை அவர் மட்டும்தான், பத்தடிக்கு.

பந்தியில் வெண்பொங்கல் வைத்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் என் வீட்டுக்காரர், நடுவில் நான். வீட்டுக்காரர் கையில் வீக்கம் வற்றியிருந்தது. அந்தக் கையாலேயே பொங்கலைக் கிளறி, ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கி இலையோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். தப்பித்தவறி ஒன்று வாயில் அகப்பட்டது. கண் கலங்கி, தண்ணீரை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தார்.

நான் அவரையே பார்த்தேன்.

"ஏங்க. அன்னைக்கு மூணு மிளகு குடுத்தனே."

அவர் இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார். "ம்."

"காரமாருந்துச்சா?"

"உசிரே போயிருச்சு" என்றார், அண்ணனுக்குக் கேட்காத குரலில்.

அவர் ஒதுக்கி வைத்திருந்த மிளகையெல்லாம் எடுத்து என் வாயில் போட்டு மென்றேன். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"என்னாத்தா அழுகுற?" என்று அண்ணன் கேட்டார்.

"மிளகுண்ணே" என்றேன்.