மாமனாரும் மருமகனும் ஆடாத ஆட்டம்

பாறை விளிம்பில் பிக்கப் நின்றதுதான் தாமதம், லிமாம் குதித்து ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து கருங்கல்லும் மணலும் தவிர வேறொன்றையும் காணாத கண்ணுக்கு, கீழே பிளவு முழுக்கப் பேரீச்சை! யாரும் நட்டதில்லை. பாறையிலிருந்து தண்ணீர் கசிந்த இடமெல்லாம் தானாக முளைத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஈரக்காற்று முகத்தில் பட்டதும் அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும் விட்டான்.

"வாயை மூடு மச்சான்!" என்று முதுகில் ஒன்று வைத்தான் ஜித்து, மனைவி வழிச் சொந்தக்காரன். "அறுவடைக்கு வந்த ஊரே கீழ இருக்கு. உன் மாமனாரும் இருக்கார்."

லிமாமின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போனது. மாமனார் கண்ணில் மருமகன் படக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பட்டுவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு நழுவ வேண்டும். அவர் எதிரில் தின்னக் கூடாது, சிரிக்கக் கூடாது, பெயர் சொல்லிப் பேசக் கூடாது. அவன் வாழும் கடற்கரை நகரமான நுவாக்சோட்டில் அதிலொன்றும் கஷ்டமில்லை. இந்தக் குறுகல் பள்ளத்தில் எங்கே ஒளிவது?

அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது அந்த மனிதர் "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னார். ஒரு வருஷமாயிற்று, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மனசாரச் சொன்ன சரியா, மகள் அழுவாளே என்று சொன்ன சரியா? அவன் மனைவி முனீனாவுக்கும் தெரியவில்லை. மரியாதைக்காக இருவரும் விலகியே இருக்க வேண்டும் என்றால், கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி?

முனீனா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை இழுத்துக்கொண்டு இறங்கினாள். "இதுதான் நான் நீச்சல் பழகின குட்டை. இது நான் விழுந்த பாறை. தலையை நீட்டு, தண்ணி சொட்டுது பாரு!" மறுபடியும் பன்னிரண்டு வயதுப் பெண்ணாகிவிட்டாள். ஐஸ் மாதிரி ஒரு சொட்டு பிடரியில் விழ, லிமாம் துள்ளினான். இருவரும் சிரித்தார்கள்.

ஊற்றோரத்தில் குட்டையான ஒரு பேரீச்சை மரத்தடியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கை எட்டும் உயரத்தில் ஒரு குலை, பாதி மஞ்சள் பாதி பழுப்பாகச் செங்காய்ப் பருவத்தில் தொங்கியது.

"இதைத்தான் அப்பா எப்பவும் முதல்ல வெட்டுவார். ஊர்ல எல்லாரும் வெட்டிட்டாங்க. இதை ஏன் விட்டு வச்சிருக்கார்?"

"மறந்திருப்பார்."

"அப்பாவா? பேரீச்சை விஷயத்துலயா?" அவள் குரல் இறங்கியது. "கடற்கரைக்காரன் வர்றான்னு கோவம். வேற என்ன?"



மத்தியானம் முனீனா பெண்களோடு கதையடிக்கப் போனாள். லிமாம் குளிக்கலாமென்று குட்டைப் பக்கம் வந்தான். பாறை நிழலில் ஒரு கும்பல் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. மணலில் குழி போட்டு, ஒரு பக்கம் குச்சியும் எதிர்ப்பக்கம் ஒட்டகப் புழுக்கையும் காயாக வைத்து ஆடும் ஆட்டம். லிமாமுக்கு அதில் பைத்தியம். தெருவில் அவனை ஜெயிக்க ஆளில்லை.

"அடுத்து யாரு?" என்றது ஒரு கரகரப்புக் குரல். ஜித்து கண்ணைச் சிமிட்டி லிமாமை முன்னால் தள்ளினான்.

உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். லிமாமைப் பார்த்ததும் தலைப்பாகையை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார். காற்றே இல்லாத நிழலில் ஒருவர் முகத்தை மூடினால் அதற்கு ஒரே காரணம்தான்: எதிரில் நிற்பவன் மருமகன். லிமாமும் கண்வரை மூடிக்கொண்டு திரும்பி ஓட ஒரு காலை எடுத்துவிட்டான்.

"உக்காரு தம்பி," என்றார் அவர். "நீ யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. ஆள் இல்லாம ஆட்டம் நிக்குது."

லிமாம் உட்கார்ந்தான்.

அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! லிமாமின் புழுக்கைகளைக் கொத்துக் கொத்தாக அள்ளினார். தோற்றுக் கொடுப்பதுதான் மரியாதை என்று அவன் முதலில் கை தளர்ந்தான். அவர் குச்சியைக் கீழே போட்டார். "தூங்குறியா? தூங்குறதுன்னா வீட்டுக்குப் போ." அதற்குப் பிறகு லிமாம் மாமனாரை மறந்தான், மரியாதையை மறந்தான். ஒரு காயைக் கடைசி வரிசைவரை நகர்த்தி சுல்தான் ஆக்கினான். அந்த சுல்தான் குறுக்கே பாய்ந்து அவருடைய குச்சிகளை வரிசையாக வாரிக்கொண்டு போனது. மணலில் அவர் பக்கம் வெறுங்குழிதான் மிச்சம்.

ஜெயித்தவன் தோற்றவனை வாய் கிழியக் கேலி செய்ய வேண்டும். அதுதான் ஆட்டத்தின் ருசி. லிமாம் வாய் திறக்கவில்லை.

"என்னடா இது?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிச்சுட்டு ஊமையா உக்காந்திருக்கே? வளர்த்தவங்க எதையும் சொல்லித் தரலையா?"

லிமாமுக்குப் பொறுக்கவில்லை. "பெரியவரே, உங்க குச்சியெல்லாம் அடுப்புக்கு ஆகும். எடுத்துட்டுப் போய் டீயாவது போடுங்க!"

கும்பல் வெடித்தது. ஜித்து மணலில் புரண்டான். அவருடைய தோள் குலுங்கியதை லிமாம் பார்த்தான். துணிக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். இடுப்பிலிருந்து வளைந்த அரிவாளை உருவி, பிடி லிமாம் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"தம்பி, என் மருமகன் ஒருத்தன் இந்தப் பக்கம் பதுங்கித் திரியிறானாம். பார்த்தா இதைக் குடு. ஊத்துப் பக்கத்துல ஒரு குலையை அவனுக்குன்னே வெட்டாம வச்சிருக்கேன். பழுத்து உதிர்ந்துடுமோன்னு தினமும் போய்ப் பார்த்துட்டு வர்றேன். சீக்கிரம் வந்து வெட்டச் சொல்லு."

லிமாம் அரிவாளை இரு கையாலும் வாங்கிக்கொண்டான். "சொல்றேன் பெரியவரே."

"நாளைக்கும் நீ ஆட வா. அவனைக் கூட்டிட்டு வராதே. எனக்குக் கூச்சம்."

அரிவாளோடு லிமாம் ஓடினான். அவனைப் பார்த்த முனீனா எழுந்து நின்றாள். அந்தப் பிடியை அவளுக்குத் தெரியாதா? "அப்பாவைப் பார்த்தியா? என்ன சொன்னார்?"

"உங்க அப்பாவையா? நான் எங்க பார்த்தேன்?" என்றான் லிமாம். அவள் கையைப் பிடித்து ஊற்றுப் பக்கம் இழுத்தான். "வா, குலை உதிர்ந்துடும்னு ஒருத்தர் தவிச்சுக்கிட்டிருக்கார்."