நாலு ஊசித் துளைகள்

மேசை இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது. நாச்சியார் அதை முழங்காலால் முட்டுக்கொடுத்து இழுத்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவரைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

"இந்த நேரத்துல கேக்கறேனேன்னு நெனச்சுக்காதேம்மா" என்றார் உப்பிலி சார். ராஜபாளையம் கல்லூரியில் அப்பாவோடு வேதியியல் நடத்துகிறவர். "நாளைக்கு மார்க் ரிஜிஸ்டர் போயாகணும். பசங்க எழுதிக் கொடுத்த கவரையும் குடுத்துடு. இனிமே அந்த வகுப்பு என் பொறுப்பு."

கவர் என்றதும் அவள் கை நின்றது.

தீபாவளி விடுமுறைக்கு முன்பு அப்பா வகுப்பில் கேட்டார்: "வருஷம் பாதி போயிட்டு. நான் நடத்துறது எப்படி இருக்குன்னு பேரு போடாம எழுதிக் குடுங்க. ஒளிக்காம எழுதணும்." அந்தக் கல்லூரியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. 'சார் மக' என்ற கேலிக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்காரும் நாச்சியார், இடது கையால் எழுதினாள். 'உங்கள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டுவதில்லை. சத்தமாக நடத்த முடியாதவர் எதற்கு நடத்த வேண்டும்?' கோபம் அப்பாவின் மேலா, அவரைப் போல முனகிக் காட்டிச் சிரித்த பையன்கள் மேலா என்று எழுதும்போது அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு அப்பா மாலையில் மொட்டைமாடியில் நின்று பாடம் நடத்திப் பழகினார். கீழே உட்கார்ந்து கேட்ட அவளுக்கு, சீட்டு வேலை செய்துவிட்டது என்று கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

கூடத்தில் அம்மா அத்தையின் தோளில் சாய்ந்து அரற்றினாள். "சத்தம் போட்டுப் பேசக்கூடாது, நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே மதினி. பிள்ளைட்ட சொல்லாதன்னு என் வாயைக் கட்டிட்டாவளே!"

நாச்சியாருக்கு அது இன்றுதான் தெரிந்தது.

வாசலில் அவள் வகுப்புப் பையன்கள் மாலையோடு நின்றார்கள். மலைச்சாமி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "ரெண்டு வாரமா கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு கேட்டுச்சுண்ணே. எங்களைத் தூங்கவே விடல." சிரிக்கப் போனவன் மாலையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி நின்று கவரைப் பிரித்தாள். தன் சீட்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். அன்று நாற்பத்திரண்டு பேரும் எழுதினார்கள். எண்ணினாள். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். இடது கை எழுத்து அதில் இல்லை.

எழுத்தை மாற்றியவள் தாளை மாற்றவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் அப்பா, பழைய ரெக்கார்டு நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து அவளுக்கு ரஃப் நோட்டு போட்டுத் தருவார். ஓரத்தில் நாலு துளை. அதன் கடைசித் தாளைத்தான் அவள் அலுங்காமல் உருவிக் கொடுத்திருந்தாள்.

"எல்லாம் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

அவர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நாச்சியார் உள் அறைக்குப் போய், அலமாரியிலிருந்து ரஃப் நோட்டை எடுத்துப் பின்பக்கமிருந்து திறந்தாள்.

கடைசித் தாள் அதன் இடத்தில் இருந்தது. மற்ற தாள்களின் நூல் அழுக்கேறியிருந்தது. இதற்கு மட்டும் புது நூல். அதே நாலு துளைகளில் கோத்து, கையில் உறுத்தாதபடி முடிச்சை அப்பா உள்பக்கமாகத் தள்ளியிருந்தார். அவளுடைய கோணல் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி போட்டிருந்தது. சரியான விடைக்கு எல்லாருக்கும் போடுகிற சரி. வேறு ஒன்றும் எழுதவில்லை.

தெருமுனையில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

"ஏட்டி நாச்சியாரு, நீர்மாலை வந்துட்டு. வெளிய வா" என்று அத்தை கூப்பிட்டாள்.

"வாரேன்."

"எங்கட்டி இருக்க? சத்தமாச் சொல்லு, கேக்கல."

நாச்சியார் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். அந்தச் சொல் அறை வாசலைத் தாண்டவில்லை.