ஆம்பளைங்களுக்கு ரூம் இல்ல

தாம்பரத்துக்குத் தெற்கே அறியாமை ஒழிந்த நாள் என்று ஒன்று உண்டு. 1988 தை மாதத்து வியாழக்கிழமை. அன்று காலைதான் போதனா ஆஸ்பத்திரியில் குழந்தைப்பேறு சிறப்புப் பிரிவு திறக்கப்பட்டது. "பிள்ளை இல்லையென்று பெண்ணைப் பழிக்கும் காலம் மலையேறிவிட்டது!" என்று ஆஸ்பத்திரி வளர்ச்சிக் குழுத் தலைவர் துரைராஜ் மைக்கில் முழங்கினார்.

கழுத்து மாலையோடு செம்பாக்கத்து வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் அவருடைய அக்கா சரோஜினி வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தன் மகள் சாமுண்டீஸ்வரியை அவருக்கே இரண்டாந்தாரமாகக் கொடுக்க சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"மாலையோட வரான் பாரு! இதவிட இன்னா சகுனம் வேணும்?"

துரைராஜ் உடனே மறுத்தார் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. மேடையில் வரும் துணிச்சல் நம்மில் பலருக்கு வீட்டில் செருப்பு கழற்றும் இடத்தோடு நின்றுவிடுகிறது. வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்றாயிற்று, ஆள ஒரு வாரிசு வேண்டாமா, அக்கா மகள் முறைப்பெண்தானே என்று அவருடைய மனசு முன்னாடியே பந்தலில் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுக்களை வாசலில் நின்ற சாமுண்டீஸ்வரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். சீட்டு வாங்கித் தந்தவர் மாமாதான்.

துரைராஜின் மனைவி கங்கையம்மாள் காபியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, நான் அந்த ஆஸ்பத்திரிக்கு மூணு தரம் போய்ப் படுத்துக்கினேன். காலேஜ் பசங்க, பொண்ணுங்க எல்லாம் சுத்தி நின்னுகினு பாத்தாங்க. மானத்த வுட்டுட்டுக் கண்ண மூடிக்கினேன். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு மெட்டில்டா டாக்டர் சொல்லிட்டாங்க. இவர ஒரு தரம் வரச் சொன்னாங்க. போய்ட்டு வரட்டும். இவருக்கு எல்லாம் சரியா கீதுன்னா, தாலிய நானே எடுத்துக் குடுக்கறேன்."

"ஆம்பளைக்கு இன்னாடி டெஸ்ட்டு? அவன் மீசையப் பாரு!"

"மீசையப் பாத்து டாக்டரு ஒண்ணும் சொல்றதில்லியாம் அண்ணி."

மறுநாள் துரைராஜ் போனார். டாக்டர் மெட்டில்டா சின்ன பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ரூம் எங்க டாக்டர்?"

"ஆம்பளைங்களுக்கு ரூம் இல்ல சார். பிளான்ல இருந்தது. ஆம்பளைங்க இங்க எதுக்கு வரப்போறாங்க, அந்த எடத்துல வி.ஐ.பி. ஹால் போடுங்கன்னு கமிட்டில நீங்கதான் சொன்னீங்க."

சொன்னது உண்மை. அந்த ஹாலில் இதுவரை உட்கார்ந்த ஒரே வி.ஐ.பி.யும் அவர்தான்.

கடைசியில் ஊழியர் கழிப்பறைதான் கிடைத்தது. தாழ்ப்பாள் கிடையாது, லாரி வராததால் தண்ணீரும் கிடையாது. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு, மாவட்டத்தின் முன்னேற்றத்துக்குத் தன்னால் இயன்றதைச் செய்ய முயன்றார் தலைவர். வெளியே ஆயா எல்லம்மா கதவை இடித்தாள்.

"உள்ள யாருய்யா? கழுவணும், வா வெளிய!"

"நான்தாம்மா... சேர்மன்."

"சேர்மன்னா இன்னா? ஒரு கக்கூஸ்ல இம்மா நேரமா?"

பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி, லேப் ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். வாங்கிய கை தெரிந்த கை.

"குடுங்க மாமா," என்றாள் சாமுண்டீஸ்வரி, டிபன் பாக்ஸ் வாங்குவதுபோல.

போதனா ஆஸ்பத்திரி அல்லவா? வகுப்புப் பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வாத்தியாரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. உயிரணு ஒன்றுகூட இல்லை என்று டாக்டர் மெட்டில்டா அவரிடம் மெதுவாகச் சொன்னார்.

வீட்டில் அக்கா தட்டோடு காத்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்த துரைராஜுக்குக் கடைசியில் ஒன்று கிடைத்தது.

"மைக்ரோஸ்கோப்பு ரிப்பேரு அக்கா."

"அதானே பாத்தேன்!"

"அந்த ஆஸ்பத்திரில எது அக்கா ஒழுங்கா கீது? லிஃப்ட்டு ஓடாது. எக்ஸ்ரே எடுத்தா பொக மாதிரி வரும். கொழாயத் தொறந்தா காத்துதான் வரும். இதுல மைக்ரோஸ்கோப்பு மட்டும் வேல செய்யுமா?"

தெற்காசியாவுக்கே வழிகாட்டி என்று முந்தின நாள் அவரே மைக்கில் சொன்ன ஆஸ்பத்திரி அது.

கங்கையம்மாள் தட்டை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். "அப்போ மெஷின சரி பண்ணட்டும் அண்ணி. சரியாவற வரைக்கும் இது உங்க வூட்லயே இருக்கட்டும்."

"ஏய், இன்னா நீ? மெஷினு சரியாவாமயே போச்சுன்னா?"

"சரியாயிடும்மா," என்றாள் வகுப்பு முடிந்து வந்திருந்த சாமுண்டீஸ்வரி, செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னொரு பாட்டில் குடுங்க மாமா, நானே பாத்துச் சொல்றேன். ஆனா ரிசல்ட் எப்டி வந்தாலும் நான் உங்களக் கட்டிக்க மாட்டேன். படிக்கணும்."

அவள் ஹாஸ்டலுக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். அக்கா தட்டோடு பின்னாலேயே ஓடினாள்.

மீசையைக் காப்பாற்ற இன்னும் ஒரு வழி பாக்கியிருந்தது. வளர்ச்சிக் குழு அவசரமாகக் கூடி, மைக்ரோஸ்கோப்பின் கோளாறு குறித்துக் கவலை தெரிவித்தது. தலைவர் தம் சொந்தக் காரை அனுப்பி, கிண்டியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். குழு முழுவதும் சுற்றி நிற்க, மெக்கானிக் லென்ஸைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். செம்பாக்கம் ஏரித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். என்னென்னவோ நெளிந்தன.

மைக்ரோஸ்கோப்பில் ஒரு கோளாறும் இல்லை.