நடுப்பக்கம்

அச்சகத்தில் அவளுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். பிழை திருத்தும் மேசையில் முப்பது ஆண்டுகள் அமர்ந்தவள். வரியின் இறுதியில் புள்ளியில்லாத தாளைக் கண்டால், யாரோ கதவைச் சாத்தாமல் போய்விட்டதைப் போல எழுந்துவிடுவாள். யாரையும் நேருக்கு நேர் பார்த்தே பேசுவாள். அந்தப் பார்வைக்கு அஞ்சி, தாளைக் கொண்டுவருபவர்கள் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஓடாதவர் ஒருவர்தாம், புத்தகம் தைக்கும் பைண்டர். அவரையே அவள் மணந்துகொண்டாள்.

இன்று கூடத்தில் பைண்டரைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றது.

"பார்க்கிறவங்க பார்த்துக்குங்க" என்றது ஒரு குரல்.

அவள் கால்மாட்டில் நின்றாள். அவர் முகத்தைப் பாராமல், பக்கத்துச் சுவரிலிருந்த சுவிட்சையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியாப் பார்க்கச் சொன்னா முகத்தைத் திருப்பிக்கிறாளே! எங்கண்ணன் அப்படி என்ன குத்தம் பண்ணிட்டாரு?" என்றாள் நாத்தனார்.

"ஐயோ, அக்காவுக்கு நேராப் பார்த்தா தெரியாதுங்க. ஓரத்துலதான் தெரியும்" என்றாள் அவளுடைய தங்கை.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளோ சுவிட்சைப் பார்த்தபடியே கண்ணோரத்தால் அவரைப் பார்த்து முடித்தாள்: மூக்கு, மூன்று நாள் தாடி, நூலுக்கு மெழுகு தடவித் தடவி மஞ்சளேறிய கட்டைவிரல்.

ஒரு மாதத்துக்கு முன் இருவருக்கும் ஒரே காய்ச்சல், ஒரே இருமல். அவருக்கு அது நெஞ்சில் தங்கிவிட்டது. அவளுக்கோ இருமல் நின்ற பத்தாம் நாள், காலண்டரில் தேதி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிற மேகம் ஒன்று நின்றது. இடக்கண் சிறு வயது முதலே மங்கல், படிப்பதெல்லாம் வலக்கண்ணால்தான்.

"கண்ணுக்குள்ளேருந்து ரத்தம் திரும்பிப் போற குழாய் அடைச்சிருக்கும்மா. சில பேருக்கு இந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி ஆகுது. உள்ளே வீங்கியிருக்கு, கண்ணுல ஊசி போடணும். நாள் கடத்தினா பார்வை திரும்பறது கஷ்டம்" என்றார் கண் மருத்துவர்.

இரு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டையும் அவள் தள்ளிவைத்தாள். மூச்சுக்குத் தவிப்பவரை விட்டுவிட்டு எங்ஙனம் போவது?

"நடுப்பக்கம் உதிர்ந்து போச்சா?" என்று அப்போது கேட்டார் பைண்டர், சன்னலோர நாற்காலியில் சாய்ந்தபடி. "ஒரு தையல் போட்டா நிக்கும். ஊசிக்குப் பயந்தவளா பைண்டர் பொண்டாட்டி?"

"ஊசிக்கு யார் பயந்தா? முதல்ல நீங்க எழுந்து நடங்க."

"நான் நடந்து போறதைப் பார்க்கவாவது கண்ணு வேணாமா, முற்றுப்புள்ளி?"

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாயிற்று.

இன்று எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்தபோது பிற்பகலாகிவிட்டது. அவள் சன்னலோர நாற்காலிக்கு எதிரே அமர்ந்து நேராகப் பார்த்தாள். மேகம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. அதன் இரு புறமும் மரக்கைகள், கீழே கால்கள். நடுவில் இருப்பது யார் என்று எவராலும் சொல்ல முடியாது. திரைச்சீலை அசைந்தது, மேகமும் மூச்சு விடுவதைப் போல மெல்ல விரிந்து சுருங்கிற்று. எங்கிருந்தோ பசையின் மணம் வந்தது. ஏதோ ஒரு பக்கம் புரண்டது. வெயில் அவருடைய மடியில் ஏறி, அங்கேயே கண்ணயர்ந்துவிட்டது போலிருந்தது.

கண்ணைச் சற்றே ஒதுக்கினால் போதும். நாற்காலி வெறும் நாற்காலியாகிவிடும். அவள் ஒதுக்கவில்லை. இமைக்கவும் தயங்கினாள்.

தங்கை தேநீருடன் வந்தாள். "யாரைப் பார்த்துக்கிட்டிருக்க?"

"யாரையும் இல்ல."

"கண் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. நாளைக்குக் காலையில வரலாமாம். இந்த நேரத்துல உன்கிட்ட எப்படிக் கேக்கிறதுன்னுதான்..."

"ஊசி போட்டா நேராத் தெரியுமா?"

"முழுசா இல்லாட்டியும் கொஞ்சமாவது தெளியும்னாரே."

"நாற்காலி தெரியுமா?"

"என்னக்கா கேள்வி இது? நாற்காலி தெரியாமலா? எல்லாந்தான் தெரியும்."

அவள் எழுந்து நாற்காலியருகே போனாள். மேகமும் அவளோடு நடந்தது. சன்னல் திட்டில், காய்ச்சலுக்கு முன் அவர் தைக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட புத்தகம் கிடந்தது. அவள் அச்சகத்தில் புரட்டிப் புரட்டிக் கிழித்த அகராதி. விரலால் தடவினாள். நடுப்பக்கத்தின் மடிப்பில் ஊசி குத்தியபடியே நின்றது. நூல் தொங்கிற்று, முடிச்சு இன்னும் விழவில்லை. ஊசியின் முனை விரலில் பட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

பின்பு திரும்பி வந்து, பழைய இடத்திலேயே அமர்ந்தாள்.

"நாளைக்குப் போய் ஊசி போட்டுக்கிறேன்" என்றாள், நாற்காலியைப் பார்த்து. நேராக.