இடது கைக்கு வீட்டுப்பாடம்

என் மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதத்தால் பிறந்ததிலிருந்தே இடது கை சொன்னபடி கேட்காது. வீட்டில் அவள் பெயர் வாலு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரபிஸ்ட் அவளை விளையாடவிட்டு வீடியோ எடுப்பார். பிறகு அதைப் போட்டுப் பார்த்து இடது கைக்கு மதிப்பெண் போடுவார். போன தடவை அது குறைந்திருந்தது. இந்தத் தடவையும் குறைந்தால் மணிக்கட்டில் ஆபரேஷன் செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? தெரபிஸ்டின் சோதனை அறையில் பார்த்தது போலவே திருகுமூடி டப்பா, கோக்கிற மணி, ஜிப் வைத்த பை எல்லாம் வாங்கிப்போட்டேன். மூன்று மாதம் தினமும் சாயங்காலம் வகுப்பு. வலது கை முதுகுக்குப் பின்னால், வேலை முழுக்க இடது கைக்கு. குழந்தையைப் பாடாய்ப் படுத்தாதே என்று அவள் அப்பா சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனை நாளன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வாலு வலது கையைத் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் டப்பாவோடு மல்லுக்கட்டினாள். டப்பா மேஜையில் வழுக்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

தெரபிஸ்ட் கேமராவை நிறுத்திவிட்டு வெளியே வந்து, வீட்டிலும் இப்படித்தான் விளையாடுவாளா என்று கேட்டார். கொஞ்சம் மென்று விழுங்கிப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டியிருந்தாலாவது தேவலை.

"அந்தக் கை தனியா என்ன பண்ணுதுன்னு நான் பாக்கலைம்மா. இன்னொரு கைக்கு எவ்வளவு ஒத்தாசையா இருக்குன்னுதான் பாக்கறேன்."

இன்றைய வீடியோ செல்லாது, பத்து நாள் கழித்து வாருங்கள், அதுவரை வகுப்பு கூடாது, அன்றைக்கு நீங்கள் கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது என்றார். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவளே பிள்ளையைக் கத்திக்கு அனுப்பிவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

பத்தாம் நாள் வெளி வராந்தாவில் நடந்தே என் செருப்பு தேய்ந்தது. ஒருவழியாகத் தெரபிஸ்ட் உள்ளே கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார். வாலு வாய் ஓயாமல் கதை அளந்துகொண்டே டப்பாவை இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். வலது கையால் மூடியைத் திருகினாள். மணி கோக்கும்போது நூலைப் பிடித்துக்கொண்டதும் இடது கைதான். யாரும் சொல்லவில்லை, அதுவாகவே வந்தது.

போன தடவையைவிட நான்கு புள்ளி கூடுதல். ஆபரேஷன் இப்போதைக்குத் தேவையில்லை என்று டாக்டரே ஒத்துக்கொண்டுவிட்டாராம். பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

வாலு ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"நீ பாக்காம இருந்தியா, அதான் இன்னிக்கு ஜாலியா இருந்துச்சும்மா."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் எனக்கு அழுகையை முந்திக்கொண்டு சிரிப்புதான் வந்தது.